இசைத்தட்டும் ஊசி நிற்கும் நிலையும்

இசைத்தட்டினின்று எழும் ஒலி நன்றாயிருத்தற்கு விலையுயர்ந்த கருவியும் பெரிய ஒலிபெருக்கியுமே வேண்டுமெனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று. தட்டின்மேல் ஊர்ந்து செல்லும் சிறிய ஊசி தான் நிற்கவேண்டிய நிலையில் நிற்குமாயின் எளிய கருவியும் இனிது பாடும். அந்நிலை பிறழுமாயின் அரிய கருவியும் கரகரத்த குரலையே எழுப்பும். அவ்வளவில் அமையாது, பிறழ்ந்து நின்ற ஊசி பாடுந்தோறும் தட்டினையும் புண்படுத்தும். ஊசி நிற்கவேண்டிய நிலை யாது, அஃது ஏன் அவ்வாறு நிற்றல் வேண்டும், அதனை நம் கையாலேயே அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கைப்பேசியில் எல்லாப் பாட்டும் எளிதிற் கிடைக்கும் இந்நாளில் இசைத்தட்டைப்பற்றி எழுதுவது என்னையெனின், கூறுதும். மேனாடுகளில் இசைத்தட்டு மீண்டும் தலையெடுத்திருக்கின்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2022-ஆம் ஆண்டில் விற்ற இசைத்தட்டுக்களின் எண்ணிக்கை அவ்வாண்டில் விற்ற குறுந்தகடுகளின் எண்ணிக்கையினும் மிகுந்தது. நம் நாட்டிலோ இதனினும் நெருங்கிய காரணம் ஒன்று உண்டு. கரையான்சாவடி, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் முதலிய ஊர்களில் யான் அறிந்த இல்லங்கள் சிலவற்றில், ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் வாங்கிய தட்டுக்கள் பரண்மேற் கிடந்து உறங்குகின்றன. பெரியோர் மறைந்தபின் பிள்ளைகள் அவற்றை இறக்கித் தூசி தட்டிப் புதுக்கருவி ஒன்றில் வைத்து ஒலியைக் கணிப்பொறியிற் பெயர்த்துக்கொண்டு, தட்டுக்களைப் பழம்பொருள் வாங்குவோரிடம் கொடுத்துவிடுகின்றனர். அங்ஙனம் ஒருமுறையே பெயர்க்கும்போது ஊசி கோணி நின்றதாயின், அப்பிழை என்றும் நிலைத்துவிடுமன்றோ? ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் செய்த பிழைகளால் நம் பழைய நூல்கள் பட்ட பாட்டினைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர். அதனை மனத்திற் கொண்டே இதனை எழுதத் துணிந்தேன்.

தட்டு எழுதப்படும் முறை

பனையோலையில் எழுத்தாணி கீறிச் செல்வது போலவே, இசைத்தட்டிலும் கூரிய கருவி ஒன்று கீறிச் செல்கின்றது. ஓலையில் வரி இடமிருந்து வலமாக ஓடும். தட்டிலோ அது விளிம்பிலே தொடங்கி, சுருண்டு சுருண்டு, நடுவை நோக்கிச் செல்லும் ஒரே பள்ளமாக அமைகின்றது. அப்பள்ளம் நேராக ஓடாது, பாடுவோர் குரலுக்கேற்ப நெளிந்து நெளிந்து ஓடும். பின்னர் அம்முதற்றட்டினின்று உலோக அச்சுக்கள் எடுக்கப்பெற்று, அவ்வச்சுக்களால் நாம் வாங்கும் தட்டுக்கள் அழுத்தப்பெறுகின்றன. அத்தட்டினை நாம் சுழலவிட்டு, நெளிந்த பள்ளத்தில் ஊசியை வைக்குங்கால், ஊசியும் பள்ளத்தோடு கூடி நெளிகின்றது. ஊசியைத் தாங்கி, அதன் அசைவினை மின்னோட்டமாக மாற்றும் சிறு கூட்டினைக் கார்ட்ரிட்ஜ் என வழங்குவர். கார்ட்ரிட்ஜ் நீண்ட கை ஒன்றின் தலையில் பொருத்தப்பட்டிருக்கும்.

முற்காலத்துத் தட்டுக்கள் அரக்கினாற் செய்யப்பட்டவை. நிமிடத்திற்கு ஏறக்குறைய 78 முறை சுழல்வன. 1902-ஆம் ஆண்டு கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தா நகரையடைந்து கோஹர் ஜான் முதலியோர் பாட்டைப் பதிந்தது முதல் இந்திய இசைத்தட்டின் வரலாறு தொடங்குகின்றது. அக்காலத்துக் கிராமபோனில் எஃகு ஊசி பயன்பட்டது. ஊசியின்மேல் நூறு கிராமிற்கு மேற்பட்ட பாரம் அழுத்தியது. தட்டின் அரக்கிலே கலந்திருந்த கடும்பொடி, அவ்வெஃகு ஊசியைச் சிறிது நேரத்தில் தேய்த்துப் பள்ளத்தின் வடிவிற்கு ஒப்பாக்கிற்று. அதனாலேயே ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்றுக என்று அறிவுறுத்தினர்.

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட நெடுந்தட்டு இவ்வழக்கத்தை முற்றும் மாற்றியது. அது நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சிறிது மிகையாக, அதாவது மூன்று நிமிடத்திற்கு நூறு முறை சுழல்வது. அதன் பள்ளம் பழைய அரக்குத்தட்டின் பள்ளத்தினும் மிகக் குறுகியது. அரக்குத்தட்டிற்குரிய ஊசிமுனையின் ஆரம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்டதில் ஏறக்குறைய 65 முதல் 75 கூறு. நெடுந்தட்டிற்குரிய உருண்டை ஊசிமுனையின் ஆரம் ஏறக்குறைய 18 கூறே. ஆகவே ஒன்றன் ஊசியால் மற்றொன்றைப் பாடச்செய்தல் தவறு. நெடுந்தட்டு ஊசி அரக்குத்தட்டின் பள்ளத்து அடியிற் சென்று குப்பையில் உருளும்; அரக்குத்தட்டின் ஊசியோ நெடுந்தட்டின் பள்ளத்துள் இறங்கமாட்டாது அதன் விளிம்புகளைச் சிதைக்கும்.

ஊசியும் எஃகினின்று வைரமாயிற்று. தட்டோ பாலிவினைல் என்னும் மெல்லிய பொருளாயிற்று. முன்பு தேய்ந்தது ஊசி; இன்று பிழைபட நின்றால் தேய்வது தட்டு. இவ்வொரு மாற்றத்தை உணர்ந்தார்க்கு ஊசியின் நிலையைப்பற்றி இத்துணைக் கவலை ஏன் என்பது தானே விளங்கும்.

இப்பள்ளங்களில் யாருடைய குரல்கள் அடங்கியுள்ளன என்பதையும் சிறிது நினைத்தல் வேண்டும். நாடகமேடையிற் புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பா 1906-இற் பிறந்து 1933-இல் மறைந்தார். அவர் திரைப்படத்தில் நடிக்கவில்லை. அவர் குரலை நாம் கேட்கக்கூடியது இசைத்தட்டு ஒன்றனாலேயே. மேலும், கிரீயர்சன் என்னும் பேரறிஞர் தலைமையில் நடந்த இந்திய மொழிகளின் அளவையை ஒட்டி, 1913 முதல் 1929 வரை பற்பல மொழியினரின் பேச்சும் இசைத்தட்டுக்களிற் பதியப்பெற்றது. அவற்றுட் பல மொழிகளில் மக்கள் சொல்லக் கேட்கும் பொருள் நம் ஆண்டவர் அருளிய கெட்ட குமாரன் உவமையாம். ஒரே கதையைப் பல வாய்கள் பல நாவாற் சொல்லக் கேட்டு மொழிகளை ஒப்புநோக்கும் பேறு அத்தட்டுக்களால் வாய்த்தது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிய வேங்கடேச சுப்ரபாதத் தட்டு 1963-இல் வெளிவந்து எண்ணற்ற வீடுகளைச் சேர்ந்தது. பின்னது பல்லாயிரம் படிகளாக உள்ளது. முன்னவற்றிற் சில தட்டுக்கட்கு எஞ்சிய படிகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பழுதுபட்டால் ஈடு செய்ய வழியில்லை.

கை வளையும் வட்டம்

இனி, ஊசியின் நிலைக்கு வருவோம். தட்டினைக் கீறிய கருவி ஆரத்தின் வழியே, விளிம்பினின்று நடுவிற்கு, நேர்க்கோட்டிற் சென்றது. ஆதலின் அது தட்டின் எவ்விடத்தும் பள்ளத்தின் தொடுகோட்டிற்கு ஒத்து நின்றது. நம் வீட்டுக் கருவியின் கையோ ஒரு முனையிற் சுழலச்சுடையது. கதவு கீலிலே திரும்புவது போல வில்லாக வளைந்து செல்வது. நேர்க்கோட்டில் எழுதியதனை வில்வழியிற் படிக்கின்றோம். இருவழியும் எங்கும் ஒன்றாதல் இயலாது. இதுவே எல்லாத் தொல்லைக்கும் வேர்.

230 மில்லிமீட்டர் நீளமுள்ள நேரான கை ஒன்றைக் கொள்வோம். அதன் ஊசி சரியாக நடு அச்சின்மேல் வந்து விழுமாறு அமைத்தால், தட்டின் வெளிவளையத்தில் ஊசி தொடுகோட்டினின்று ஏறக்குறைய பதினெட்டரைப் பாகை கோணும். உள்வளையத்தில் ஏழரைப் பாகை கோணும். இப்பிழையைக் குறைத்தற்கு அறிஞர் இரண்டு உபாயங்களைக் கண்டனர். கையின் தலையை ஏறக்குறைய 24 பாகை உட்புறமாகத் திருப்புதல் ஒன்று. ஊசி நடு அச்சையும் கடந்து ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் அப்பால் விழுமாறு கையை நீட்டுதல் மற்றொன்று. 1924-இல் இங்கிலாந்தில் பெர்சி வில்சன் என்பாரும், 1938-இல் ஸ்வீடன் நாட்டு லோஃப்கிரென் என்பாரும், 1941-இல் பேர்வால்டு என்பாரும் இக்கணக்கினை ஒருவர்பின் ஒருவராக ஆராய்ந்து திருத்தினர்.

பேர்வால்டு முறைப்படி அமைத்த கையில், நடுவினின்று 66 மில்லிமீட்டர் தொலைவிலும் 120.9 மில்லிமீட்டர் தொலைவிலும் ஆகிய இரண்டே இடங்களில் ஊசி முற்றும் நேராக நிற்கும். ஏனைய இடங்களிற் பிழை உண்டு. ஆயின் எவ்விடத்தும் அஃது இரண்டு பாகைக்கு மேற்செல்லாது. பிழையை அறவே நீக்க இயலாதபோது அதனை எங்கும் தாங்கத்தக்க அளவிற் பகிர்ந்து வைத்தலே அறிவுடைமை என்பது இதனாற் பெறப்படும்.

பிழையை வெளிப்புறத்தில் மிகுதியாகவும் உட்புறத்திற் குறைவாகவும் பகிர்ந்தது எற்றுக்கு? தட்டு ஒரே விரைவிற் சுழலினும் பள்ளம் ஊசியின்கீழ் ஓடும் வேகம் எங்கும் ஒன்றன்று. நெடுந்தட்டின் வெளிவளையத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகின்றது. உள்வளையத்தில் 21 சென்டிமீட்டரே ஓடுகின்றது. அகன்ற ஓலையில் விரித்து எழுதிய எழுத்துக்களையே குறுகிய நறுக்கில் நெருக்கி எழுதியது போல, உள்வளையத்தில் ஒலியலைகள் நெருங்கிக் கிடக்கின்றன. நெருங்கிய எழுத்தைப் படிக்குங்கால் சிறு கோணலும் பெருங்குழப்பம் விளைக்கும். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டே பெரும்பாலும் கரகரத்தற்குக் காரணம் இதுவே.

மூன்று கோணங்கள்

ஊசியின் நிலையை மூன்று பக்கத்தினின்றும் நோக்கி அறிதல் வேண்டும்.

முதலாவது, மேலிருந்து நோக்குவது. மேலே கூறிய தொடுகோட்டு நிலை இதுவாம். கார்ட்ரிட்ஜைக் கையின் தலையோடு பிணைக்கும் இரு திருகாணிகளைத் தளர்த்தி, அதனை முன்னும் பின்னும் நகர்த்தியும் சிறிது திருப்பியும் இந்நிலையை அமைக்கலாம். மேற்கூறிய 230 மில்லிமீட்டர்க் கையில் கார்ட்ரிட்ஜ் இரண்டு மில்லிமீட்டர் முன்தள்ளி நின்றால், கடைசி வளையத்துப் பிழை ஏறக்குறைய 0.8 பாகையினின்று 2.7 பாகையாக மிகும். இரண்டு மில்லிமீட்டர் என்பது இரண்டு நெல்லின் தடிப்பினும் குறைவென்பதை நினைக்க.

இரண்டாவது, முன்னிருந்து நோக்குவது. பள்ளத்திற்குச் சுவர்கள் இரண்டு. ஒவ்வொன்றும் 45 பாகை சாய்ந்து, இரண்டும் கூடி ஒரு செங்கோணமாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியறிஞர் ஆலன் புளூம்லைன் 1931-இல் உரிமம் வேண்டிய முறைப்படி, உட்சுவர் இடச்செவிக்குரிய ஒலியையும் வெளிச்சுவர் வலச்செவிக்குரிய ஒலியையும் தாங்கும். ஸ்டீரியோ என்பது இதுவே. ஊசி இடமோ வலமோ சாயாது நிமிர்ந்து நின்றாலன்றி ஒரு சுவரின் ஒலி மற்றொன்றினோடு கலக்கும். இடப்புறத்து வீணையும் வலப்புறத்து மிருதங்கமும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வன போலத் தோன்றும்.

மூன்றாவது, பக்கத்திலிருந்து நோக்குவது. ஊசி ஒரு சிறு தண்டின் நுனியிற் பதிந்துள்ளது. அத்தண்டு தட்டினை நோக்கி ஏறக்குறைய 20 பாகை சரிந்திருக்கும். ஊசியோ தட்டின்மேற் செங்குத்தினின்று ஓரிரு பாகையே வேறுபட்டு நிற்றல் வேண்டும். ஏனெனின் கீறிய கருவியும் அவ்வாறே நின்றது. கையின் பின்புறத்தை உயர்த்தினும் தாழ்த்தினும் இக்கோணம் மாறும். ஆயினும் இதனைப்பற்றிச் சிலர் அளவிறந்து கவல்வது வேண்டா. 230 மில்லிமீட்டர் நீளமுள்ள கையை நான்கு மில்லிமீட்டர் உயர்த்தினால்தான் ஒரு பாகை மாறும். தடித்த தட்டிற்கும் மெல்லிய தட்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டரை எட்டுவதரிது. அதனால் விளைவது கால் பாகையே. ஆதலின் தட்டுத்தோறும் கையின் உயரத்தை மாற்றுதல் வீண்முயற்சி. உருண்டை முனையுள்ள ஊசிக்கு இக்கோணத்தால் வேறுபாடு சிறிதே. நீள்வட்ட முனையும் அதனினும் நுண்ணிய முனையும் உடையவற்றிற்கே இது மிகவும் வேண்டப்படும்.

நிலைநிறுத்தும் முறை

இனி, செய்முறையைக் கூறுதும். கரையான்சாவடியில் முதியவர் ஒருவர் இல்லத்தில் நண்பர் ஒருவரும் யானும் சென்ற விடுமுறையிற் கைக்கொண்ட முறை இது. அவ்வூர் ஆவடிச் சாலையும் ட்ரங்க் சாலையும் கூடுமிடம். பேருந்துகளும் பாரவண்டிகளும் இடையறாது செல்வன. சாலையை அடுத்த வீடுகளில் தரையின் அதிர்வு மேசைவழி ஏறி ஊசியை எட்டும். ஆகவே முதலிற் கருவியைக் கனத்த பலகை ஒன்றின்மேல், சுவரை ஒட்டிய உறுதியான இடத்தில் வைத்தோம். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தைச் சுழல்மேடைமேல் வைத்து, நாற்புறமும் மட்டமாகும்வரை கால்களின் கீழ் அட்டைத்துண்டுகளைச் செருகினோம். மேடை சாய்ந்திருப்பின் பின்னர்ச் செய்வன எல்லாம் பயனிலவாம்.

அடுத்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் ஊசியை நோக்குக. வைரமும் தேயும், சில நூறு மணி முதல் ஆயிரமணி வரையே அதற்கு ஆயுள். முனை தட்டையாகி இருபுறமும் மின்னுமாயின் புதிய ஊசியே வேண்டும். தேய்ந்த ஊசியை எக்கோணத்தில் நிறுத்தினும் அஃது உளியாகவே தொழில் செய்யும்.

மூன்றாவது, பாரம். பெரும்பாலான கார்ட்ரிட்ஜுகள் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை அழுத்தவேண்டுவன. அதனோடு வந்த தாளில் அளவு குறித்திருக்கும். கையின் பின்னுள்ள எடைக்கல்லைத் திருகிச் சிறு தராசினால் அளந்து அமைத்தல் வேண்டும். அம்முதியவரின் கருவியிலே கையின் தலைமேல் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டப்பட்டிருந்தது. ஊசி தாவாதிருத்தற்கு எவரோ சொல்லிய வழியாம். அந்நாணயத்தின் எடை நான்கு கிராமிற்குச் சிறிதே குறைவு. இரண்டு கிராம் வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஆறு கிராம் அழுத்திற்று. ஊசி தாவாமைக்குக் காரணம் அது நன்றாகப் படித்தமையன்று, பள்ளத்தை உழுதமையே. எனினும் பாரம் குறைந்தால் தட்டிற்கு நன்மையென எண்ணுதலும் தவறு. பாரம் போதாத ஊசி சுவரினின்று சுவருக்குத் துள்ளி மோதும். அம்மோதலால் விளையும் கேடு அழுத்தத்தால் விளைவதினும் பெரிது.

நான்காவது, தொடுகோடு. இரு புள்ளிகளும் குறுக்குக்கோடுகளும் வரைந்த அளவுத்தாள் ஒன்று இதற்குண்டு. அதனை நடு அச்சிற் செருகிச் சுழல்மேடைமேல் விரித்து, மேடையை அசையாது நிறுத்தி, ஊசியை 66 மில்லிமீட்டர்ப் புள்ளிமேல் மெல்ல இறக்குக. கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் தாளிலுள்ள கோடுகட்கு இணையாக நிற்கின்றனவா என நோக்குக. பின்னர் 120.9 மில்லிமீட்டர்ப் புள்ளியிலும் அவ்வாறே நோக்குக. இரண்டிடத்தும் இணையாகும்வரை கார்ட்ரிட்ஜைச் சிறிது சிறிதாக நகர்த்துக. ஒன்றைத் திருத்துங்கால் மற்றொன்று கெடும். மீண்டும் மீண்டும் முயலவேண்டும். எமக்கு இதற்கே ஒரு மணி நேரம் சென்றது. பொறுமையில்லாதார் இவ்விடத்தில் ஒரு புள்ளியோடு அமைந்துவிடுவர். அஃது அமையாமைக்கு ஒப்பே.

ஐந்தாவது, நிமிர்வு. சட்டமில்லாத மெல்லிய முகக்கண்ணாடித் துண்டு ஒன்றை மேடைமேல் வைத்து, அதன்மேல் ஊசியை இறக்கி முன்னிருந்து காண்க. கார்ட்ரிட்ஜும் அதன் நிழலுருவும் ஒரே நேர்க்கோட்டில் மேலும் கீழும் நின்றால் ஊசி நிமிர்ந்துள்ளது. இரண்டும் இடைமுறிந்தாற்போலத் தோன்றினால் சாய்ந்துள்ளது. விலையின்றிக் கிடைக்கும் இக்கண்ணாடியே இவ்வேலைக்குச் சிறந்த ஆசான்.

ஆறாவது, கையின் உயரம். தட்டு ஒன்றை வைத்து ஊசியை இறக்கிப் பக்கத்திலிருந்து காண்க. கை தட்டிற்கு இணையாக இருத்தலே தொடக்கத்திற்குப் போதும்.

ஏழாவது, உள்ளிழுப்பைத் தடுத்தல். கையின் தலையை உட்புறமாகத் திருப்பியமையால், தட்டின் உராய்வு ஊசியை எப்போதும் நடுவை நோக்கி இழுக்கும்; உட்சுவரில் அழுத்தம் மிக, வெளிச்சுவரிற் குறையும். இதற்கு எதிராகக் கையை மெல்ல வெளிப்புறம் இழுக்கும் சிறு அமைப்பு பல கருவிகளில் உண்டு. வலப்புற ஒலிபெருக்கி மட்டும் உரத்த இடங்களிற் கரகரத்தால் அவ்வமைப்பினைச் சிறிது மிகுத்தல் வேண்டும். இவையெல்லாம் முடிந்தபின், கார்ட்ரிட்ஜ் நகர்ந்தமையாற் பாரம் மாறியிருக்குமாதலின், அதனை மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

இத்துணையும் முடித்து, எளிதிற் கிடைக்கும் பழந்தட்டு ஒன்றில் முதலிற் சோதித்தோம். அரிய தட்டை ஒருகாலும் சோதனைக்கு இடுதல் ஆகாது. பின்னரே அம்முதியவர் தம் கீர்த்தனைத் தட்டினை எடுத்துத் தந்தார். கடைசிப் பாட்டு வந்தது. கரகரப்பு முற்றும் நீங்கவில்லை. பல்லாண்டு உழுத பள்ளம் மீண்டும் நிரம்புமோ? ஆயினும் சகர ஒலிகள் சீறாது ஒலித்தன. சொற்கள் பிரிந்து கேட்டன. அவர் நெடுநேரம் வாளா இருந்து, “பாடினவருக்குத் தொண்டை கட்டியிருந்தது போலும் என்று இத்தனை ஆண்டும் எண்ணியிருந்தேன், தம்பி” என்றார்.

பெயர்த்தெழுதுவோர் கடமை

அம்முதியவர் சொல்லைப் பன்முறை எண்ணிப்பார்க்கின்றேன். குற்றம் ஊசியினது, பழி பாடினவர் தலையில் ஏறிற்று. ஏடு பெயர்த்தெழுதியவன் கைப்பிழையைக் கண்டு புலவன் பிழைத்தான் என்று நாம் சொல்லிவிடுவதும் இத்தகையதே. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இற் சீவக சிந்தாமணியை அச்சிடுமுன் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியது எதன்பொருட்டு? புலவன் எழுதியது இன்னதென்றும் பெயர்த்தோன் புகுத்தியது இன்னதென்றும் வேறுபிரித்தற்கேயாம். ஏட்டிற்கு ஒப்புநோக்கும் வேறேடு உண்டு. எஞ்சிய ஒரே தட்டிற்கு அதுவுமில்லை. ஆகவே தட்டின் ஒலியைக் கணிப்பொறியிற் பெயர்ப்போன் பதிப்பாசிரியனினும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

எழுத்தின் பிறப்பினைக் கூறும் தொல்காப்பியனார், நாவும் அண்ணமும் பல்லும் உறும் இடத்தையும் முறையையும் கொண்டே எழுத்துக்களை வேறுபடுத்துகின்றார். நா சிறிதே இடம்மாறி உறின் லகரம் ளகரமாம், ரகரம் றகரமாம். வாயில் நா எத்தகையதோ தட்டில் ஊசி அத்தகையது. அதன் நிலை சிறிது திரியினும் எழுத்து மயங்கும். பாட்டை அறிந்தவர் மயங்கிய எழுத்தைத் தம் நினைவால் நிரப்பிக்கொள்வர். முதன்முறை கேட்பவர் என் செய்வர்?

இதனை வேறொரு வழியாலும் உணரலாம். கரையான்சாவடிக்கு அண்மையில், பூந்தமல்லியில், பார்வைத்திறன் குறையுடைய மாணவர்க்கென அரசினர் மேல்நிலைப் பள்ளி உள்ளது. எடிசன் தம் பேசும் பொறியின் பயன்களை 1878-இல் எண்ணி எழுதியபோது, கண்ணிலார்க்குத் தாமே பேசும் நூல்கள் என்பதனையும் அவற்றுள் ஒன்றாகக் குறித்தார். 1934-இல் அமெரிக்காவிலும் 1935-இல் இங்கிலாந்திலும் அத்தகைய பேசும் நூல்கள் இசைத்தட்டுக்களாகவே வெளிவந்தன. பாட்டிற்கு நெடுந்தட்டு பரவுமுன்னரே படிப்பிற்கு அது வந்துவிட்டது. கேட்டலே படித்தலாக உள்ளார்க்கு, மயங்கிய ஓர் ஒலி பொழுதுபோக்கில் நேர்ந்த குறைவன்று. நூலிற் கிழிந்த ஓர் ஏடாகும்.

ஆதலின், அன்பர்காள், உங்கள் இல்லத்துப் பரணில் தட்டுக்கள் உளவாயின், அவற்றைச் சுழலவிடுமுன் மெல்லிய நீரால் தூசியைப் போக்குக. அரக்குத்தட்டாயின் சாராயம் கலந்த எந்நீரும் அதனைக் கரைக்குமாதலின் அதனை அணுகவிடற்க. தட்டிற்கேற்ற ஊசியைத் தேர்க. ரசமட்டம், சிறு தராசு, அளவுத்தாள், கண்ணாடித் துண்டு என்னும் நான்கினையும் கொண்டு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடுக. அதன்பின் ஒலியைப் பெயர்த்துக்கொள்க. பெயர்த்தபின்னும் தட்டினை விற்றுவிடாது, நிமிர்த்தி வைத்து, வெயில் படாத இடத்திற் காத்திடுக. நம்மினும் நுண்ணிய ஊசியும் நம்மினும் பொறுமையுள்ள கையும் உடையார் பின்னொருநாள் வந்து, நாம் கேளாத ஒன்றை அதனினின்றும் கேட்டல் கூடும்.